வெ போட்ட பீப்பாய்

அந்த பீர் ஆலையில் வெண்ணெய் என்று கூப்பிட்டால் ஒரே ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். ஆலையை நடத்துகிறவளின் புருஷன். ஆறடி உயரம், தச்சு வேலை பார்த்துக் காய்த்துப்போன கை, நரை விழுந்த மீசை. இத்தனை இருந்தும் பேர் வெண்ணெய். லாரி ஓட்டுகிறவர் முதல் மூடி போடும் இயந்திரத்தில் நிற்கிற பெண்கள் வரை அந்தப் பேரைத்தான் சொன்னார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் வெண்ணெய் அண்ணே என்றார்கள். பேரை வைத்தது வேறு யாருமில்லை, கட்டிக்கொண்ட மனைவிதான்.

அவளுக்கும் அங்கே ஒரு பேர் இருந்தது, மூக்கக்கா. ஆனால் அவருடையது பட்டப்பேர், அவளுடையது பட்டம். தம்பி காய்ச்சுவான், அக்கா முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். அவள் சரி என்றால் பீர் பாட்டிலுக்குப் போகும், இல்லை என்றால் சாக்கடைக்குப் போகும். தண்ணீர்க் குழாயில் புது ரப்பர் வளையம் மாட்டியிருப்பதை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்தவள். காலையில் யார் பல் தேய்க்காமல் வேலைக்கு வந்தார் என்பதுவரை அவளுக்குத் தெரியும் என்று கேலி பேசுவார்கள். எங்கே என்ன தப்பு நடந்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று அங்கே யாரும் சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை.

ஆலையின் பெருமையெல்லாம் ஒரே ஒரு பீர்தான், இம்பீரியல் ஸ்டௌட். கரியைக் கரைத்த மாதிரிக் கறுப்பு, நல்ல கெட்டி, சாதாரண பீரைப் போல இரண்டு மடங்கு போதை. காய்ச்சி முடித்ததும் அதை போர்பன் விஸ்கி இருந்து காலியான ஓக் மரப் பீப்பாய்களில் ஊற்றி ஒன்றரை வருஷம் போட்டுவிடுவார்கள். பீப்பாயின் உள்பக்கத்தைத் தீயில் கருக்கியிருப்பார்கள். அந்தக் கருகலும் மரமும் மரத்தில் ஊறிய விஸ்கியும் சேர்ந்து பீருக்கு வெனிலா, தேங்காய், காய்ச்சிய சர்க்கரை என்று ஒவ்வொரு வாசனையாக ஏற்றும். சிக்கல் என்னவென்றால் ஒரு பீப்பாய் போல இன்னொன்று இருக்காது. ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து ஊற்றினாலும் ஒன்று அமிர்தமாக வரும், பக்கத்தில் கிடப்பது வினிகராகிப் போயிருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும்.

சோதிப்பதற்கு மாதிரி எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பீப்பாயின் முகப்பில் ஒரு சின்ன எஃகு ஆணி அடித்திருக்கும். குறடால் அதைப் பிடுங்கினால் கறுப்பாக ஒரு நூல் பீய்ச்சும். கிளாஸில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்ப அடித்துவிட வேண்டும். ஒழுகுகிற பீப்பாய்களைச் சரிசெய்ய வந்த தச்சர், அப்படியே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார். வெளியில் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் ஆணி பிடுங்குகிறேன் என்பார். கேட்டவர்கள் நக்கல் என்று சிரிப்பார்கள். பாவம், மனுஷன் உள்ளதைத்தான் சொல்லுவார்.

முடிவு ஒருத்தர் தலையில் விழக் கூடாது என்று அக்காவும் தம்பியும் ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பீப்பாய்க்கும் மூன்று மூக்கு. அக்கா, தம்பி, அக்கா புருஷன். இரண்டு மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தீர்ப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏழாம் பீப்பாயின் ஆணியைப் பிடுங்கிக் கிளாஸில் பிடித்தவர், அதை மனைவியிடம் நீட்டாமல் தானே இரண்டு தடவை முகர்ந்து பார்த்தார். வெண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். அவள் வாங்கி முகர்ந்தாள். வெனிலா இருந்தது, தேங்காய் இருந்தது, அடியில் கொஞ்சம் காப்பிக் கசப்பு இருந்தது. வெண்ணெய் எங்கே? தம்பியிடம் கொடுத்தாள். அவனும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இரண்டுக்கு ஒன்று, பீப்பாய் தேறிவிட்டது. அவர் விடவில்லை. பாப்கார்ன் கடை மாதிரி வாடை தூக்குகிறதே, உங்கள் இரண்டு பேருக்கும் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார். மூடி போடும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வேலைக்காரர்கள் முன்னால் கட்டின புருஷனே தன் மூக்கைச் சந்தேகப்படுவதா? அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“பீர்ல வெண்ணெய் எங்கேயிருந்து வரும்? நீங்கதான் ஒரு வெண்ணெய்” என்றாள்.

கூடமே சிரித்தது. தம்பி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கிளாஸ் தளும்பிச் சட்டையெல்லாம் கறையானது. அவரும் சிரித்தார். வேறென்ன செய்வார்? மத்தியானச் சாப்பாட்டுக்குள் பேர் நிலைத்துவிட்டது.

பாப்கார்ன் என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. சினிமாத் தியேட்டரில் ஜனங்கள் ஏன் அந்தப் பொரிக்கு வரிசையில் முட்டிக்கொள்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கும் தம்பிக்கும் புரிந்ததில்லை. வறுத்த சோளத்தில் அப்படி என்ன வாசனை? அவர்கள் அம்மாவும் அப்படித்தான் கேட்பாள். நம் குடும்பத்துக்கே அற்ப ஆசை கிடையாது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள்.

அடுத்த மாசமே மூன்றாவது மூக்கை மாற்றினார்கள். விற்பனை பார்க்கிறவரை அந்த இடத்தில் போட்டார்கள். அவருடைய மூக்கு அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும். புருஷனுக்கு மிஞ்சியது ஆணியும் ஒரு துண்டு சாக்பீஸும். மாதிரி எடுக்கும்போது எந்த வாசனை தூக்கலாக இருக்கிறதோ அதன் முதல் எழுத்தைப் பீப்பாயின் முகப்பில் எழுதிவைப்பது அங்கே வழக்கம். தேங்காய்க்கு தே, சாக்லெட்டுக்கு சா, கருகலுக்கு க, புளிப்புக்கு பு. வெ என்று எழுதியிருந்தால் வெனிலா.

வெ போட்ட பீப்பாய் என்றால் மூக்கக்காவுக்குத் தனிப் பிரியம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே வெனிலா வந்துவிடும். வராமல் எங்கே போகும், போர்பன் பீப்பாயில் வெனிலா இல்லாதது எது? அந்தப் பீப்பாய்களை மட்டும் தனியாக ஒதுக்கிக் கலந்து ஸ்பெஷல் பாட்டிலில் அடைத்தாள். ஸ்பெஷலின் லேபிளில் ஒரு மூக்கின் படம் இருக்கும். ஓவியர் ஒருவர் அவளை ஒரு மணி நேரம் பக்கவாட்டில் உட்காரவைத்து வரைந்த மூக்கு.

அந்த ஸ்பெஷலை மூன்று வருஷம் போட்டிக்கு அனுப்பினார்கள். ஐம்பதுக்கு இருபத்தேழு, இருபத்தாறு, மறுபடி இருபத்தேழு. அங்கே மதிப்பெண் மட்டும்தான் அனுப்புவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். பொறாமை பிடித்தவர்கள் என்றான் தம்பி. நாமே அந்த மேஜையில் போய் உட்கார்ந்தால்தான் சரிப்படும் என்றாள் அவள். நடுவர் தேர்வுக்கு எழுதிப்போட்டாள், கூப்பிட்டும் விட்டார்கள்.

ஆலைக்கு அது பத்தாவது வருஷம். பீப்பாய் அறையில் பதினாலு பீப்பாய் தயாராகக் காத்துக் கிடந்தது. நடுவராகத் தேறி வந்து அந்தப் பதினாலையும் தானே பிரிக்கப்போவதாக அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் அவள் மூக்கைப் பார்த்து ஏன் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வராது. அந்த ஒன்றுக்காகத்தான் மூன்று மாதமாகக் காரம், வெங்காயம், காப்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளை பெற்றவள் மாதிரிப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டாள். கிளம்புகிற அன்று அவர் வாசல்வரை வந்தார். சென்ட் போட்டவங்க பக்கத்துல உக்காராதே என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போவதுதான் அவள் பழக்கம்.

தேர்வு நடந்த கூடம் பார்ப்பதற்குப் பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜை, தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, ஆளுக்கொரு பென்சில். அவளுக்கு இரண்டு பக்கமும் பழைய நடுவர்கள் இரண்டு பேர், எதிரே தலைமை நடுவர். தலைமை நடுவர் ஐம்பது தாண்டிய பெண்மணி. அளந்து பேசுகிறவர், சிரிப்பையும் அளந்துதான் சிரித்தார். எண் மட்டும் ஒட்டிய கிளாஸ்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே பீப்பாயில் ஊறிய ஸ்டௌட்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்க முடியாது. கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, விளிம்பில் நிறம் பழுப்பா சிவப்பா என்று பார்ப்பாள். உள்ளங்கையில் பொத்திக் கொஞ்சம் சூடேற்றுவாள். குளிர்ச்சியில் ஸ்டௌட் வாயைத் திறக்காது. ஒரு சுழற்று சுழற்றிச் சின்னச் சின்னதாக மூன்று மூச்சு, பிறகு மூக்கை முழங்கை மடிப்பில் வைத்துத் தன் தோலின் வாசனையை இழுத்துப் பழையதை அழிப்பாள், மறுபடி ஒரு மூச்சு. அப்புறம்தான் ஒரு மடக்கு. துப்ப மாட்டாள், பீரின் கசப்பு தொண்டைக்குப் பக்கத்தில்தான் தெரியும். முதல் கிளாஸில் விஸ்கி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, பீர் பின்னால் ஒளிந்துகொண்டது என்று எழுதினாள். மூன்றாவதில் ஈரக் கோணி வாடை, பீப்பாய் காற்று வாங்கியிருக்கிறது என்றாள். ஐந்தாவதில் புளிப்பின் ஆரம்பம், இன்னும் ஒரு மாதம் போனால் வீண் என்றாள். பழைய நடுவர்கள் இருவரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். தலைமை நடுவர் ஒரு தடவை மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஆறாவது கிளாஸை முகர்ந்ததும் அவள் முகமே மலர்ந்துவிட்டது. வெனிலா, தேங்காய், கருக்கிய சர்க்கரை, அடியில் சாக்லெட், கடைசியில் நாக்கைப் பிடித்து நிறுத்துகிற ஒரு நல்ல கசப்பு. கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி மனசுக்கு நெருக்கமாக இருந்தது. இப்படி ஒன்றை நாமும் செய்ய வேண்டும் என்றுகூட நினைத்தாள். நாற்பத்து நாலு போட்டாள்.

வலது பக்கத்துக்காரர் இருபத்தாறு போட்டிருந்தார். இடது பக்கத்துக்காரர் இருபத்தேழு.

ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. அவள் தன் தாளை விளக்கினாள். வலது பக்கத்துக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெண்ணெய்” என்றார்.

தன் புருஷனைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் ஒரு கணம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

வெண்ணெய் வாடை முகத்தில் அறைகிறது, வேறெதையும் முகரவே விடவில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் மறுபடி முகர்ந்தாள். இல்லை என்று அடித்துப் பேசினாள். தலைமை நடுவர் எழுந்து போய் மூன்று கிளாஸில் சாதாரண பீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு சின்ன புட்டியிலிருந்து சில சொட்டு விட்டுக் கொண்டுவந்து வைத்தார். வித்தியாசமான ஒன்றை எடுக்கச் சொன்னார். அவள் முதலாவதை எடுத்தாள், தப்பு. கிளாஸ்களை மாற்றி வைத்தார்கள், மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். மூன்று கிளாஸும் ஒன்றுபோலவே இருந்தன. குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டாள். அதுவும் தப்பு.

“சினிமாவுக்குப் போனா பாப்கார்ன் வாசனை உங்களை இழுக்குமா?” என்று தலைமை நடுவர் கேட்டார்.

“அதுல என்னங்க வாசனை இருக்கு?” என்றாள் அவள்.

மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் தலைமை நடுவர் கனிவாகத்தான் பேசினார், அந்தக் கனிவுதான் தாங்க முடியாததாக இருந்தது. பீப்பாய் மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கிருமி செய்கிற வேலை அந்த வாடை. சில பேருடைய மூக்குக்கு அது மட்டும் பிறவியிலேயே தெரியாது. மற்றதிலெல்லாம் புலியாக இருப்பார்கள், இதில் மட்டும் அடைப்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ வருவதுண்டு, கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். இந்தத் தடவை தேர்ச்சி கொடுக்க முடியாது. அடுத்த தடவை இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

“இந்த வாடை தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்குங்க. வீட்ல யாராவது இருக்காங்களா?” என்றார்.

அவள் அந்த ஆறாவது எந்த ஆலையுடையது என்று மட்டும் கேட்டாள். அது பயிற்சிக்காக வைத்திருப்பது, இந்த வாடைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை, மூன்று வருஷமாகப் புதியவர்களுக்கு இதைத்தான் ஊற்றுகிறோம், எங்களுக்குள் அதற்குப் பேரே பாப்கார்ன்தான் என்று சொல்லிக்கொண்டே தலைமை நடுவர் மேஜைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். லேபிளில் ஒரு மூக்கு இருந்தது. தலைமை நடுவர் அந்த மூக்கைப் பார்த்தார். மூக்கும் முழியுமாக எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பாட்டிலைத் திருப்பி வைக்க அவருடைய கை போனது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

மூக்குடைபட்டேன் என்று பேச்சுக்குச் சொல்வோமே, அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சின்ன புட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் ஆலைக்கு வந்துவிட்டாள். ஆலையின் பின்பக்கம்தான் வீடு. அடுப்படி மேஜையில் மூன்று கிளாஸில் பீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் அந்தப் புட்டியிலிருந்து சில சொட்டு விட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். என்ன ஏது என்று சொல்லவில்லை, வித்தியாசமானதை எடு என்று மட்டும் சொன்னாள். அவன் மூன்றையும் முகர்ந்தான், குடித்தான், மறுபடி முகர்ந்தான். எல்லாம் ஒண்ணுதானேக்கா என்றான். மூன்று மூக்கு என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தது இரண்டே மூக்குதான். ஒரே மூக்கை இரண்டாக நறுக்கி ஆளுக்குப் பாதி கொடுத்திருந்தாள் அம்மா. அக்காவும் தம்பியும் ஒன்றுபோலச் சொன்னபோதெல்லாம் எவ்வளவு பெருமையாக இருந்தது!

அந்த நேரம் அவர் குறடைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மூன்றாம் பீப்பாய் லேசாகக் கசிகிறது, மெழுகு வைத்து அடைத்துவிட்டேன் என்று சொல்ல வந்தவர், மேஜைக்கு நாலடி தள்ளியே நின்றார். மூக்கைச் சுளித்தார். பிறகு வந்து, குனிந்துகூடப் பார்க்காமல், நடுவிலிருந்த கிளாஸை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“இதுல இருக்கு” என்றார்.

“எது?” என்றான் தம்பி.

“எதைச் சொன்னா சிரிப்பீங்களோ, அது.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தேர்வில் நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவன் முகம் கறுத்துப்போய், அந்த ஆட்கள் ஏதோ சூது செய்கிறார்கள் என்று முனகிக்கொண்டே வெளியே போய்விட்டான். முற்றத்தில் காலி டப்பா ஒன்றை அவன் உதைத்த சத்தம் கேட்டது.

பதினாலு பீப்பாயில் எதிலெல்லாம் இருக்கிறது என்று அவள் அவரிடம் கேட்டாள்.

“எழுதித்தானே வெச்சிருக்கேன்” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் பீப்பாய் அறையை நோக்கி நடந்தார், அவள் பின்னால் போனாள். மரமும் விஸ்கியும் ஈரமும் கலந்த வாசனை. அவளுக்கு அதில் நூறு தெரியும், ஒன்று தெரியாது. அவர் வரிசையின் முன்னால் போய் நின்றுகொண்டார். பதினாலு பீப்பாயின் முகப்பிலும் அவர் கையெழுத்து. தே, வெ, க, தே. மொத்தம் ஐந்தில் வெ.

“வெ வெனிலாதானே?” என்றாள்.

“வெனிலாவுக்கு நான் எதுக்கு எழுதணும்? அதுதான் எல்லாத்துலயும் இருக்கே.”

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். முதல் வருஷம் ஆறு, அடுத்த வருஷம் நாலு, போன வருஷம் ஏழு. ஒன்று விடாமல் வெ போட்ட பீப்பாயாகப் பார்த்துப் பொறுக்கி, வெண்ணெயை வெண்ணெயோடு சேர்த்து, அதன் மேல் தன் மூக்கையே ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். முட்டாள்தனம் என்றால் சாதாரண முட்டாள்தனமா? வேண்டுமென்றே திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

“நான் இதையெல்லாம் ஸ்பெஷலுக்குத்தான் எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

அவர் குறடைக் கைமாற்றிக்கொண்டார். “முதல் வருஷம் தெரியாது. நீ சாக்கடைக்குத்தான் ஒதுக்குறேன்னு நெனச்சேன். வெளியே சிரிச்சாலும் உள்ளுக்குள்ள என் மூக்கை நம்புறியேன்னு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் பாட்டிலைப் பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நேற்றைய வேலையைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னார். “அந்தக் கோடியில நின்னுக்கிட்டிருந்த. என்னைப் பாத்ததும் கூப்பிட்ட. ‘வெண்ணெய், அந்த வெ பீப்பாய உருட்டிட்டு வாங்க’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. உருட்டிட்டு வந்தேன்.”

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். வெயும் வெண்ணெயும் ஒன்றாக வந்து விழுந்ததை ஒரு வாரம் சொல்லிச் சொல்லி ரசித்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள்தான். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனசில் பொங்கி வந்தது என்னவோ ஆத்திரம். மூன்று வருஷம். ஒரே வீட்டில், ஒரே தட்டுமுட்டுச் சாமானைப் புழங்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவை அவள் லேபிள் ஒட்டும்போதும் பக்கத்தில் நின்று பசை எடுத்துக் கொடுத்தாரே! இருபத்தேழு வந்த அன்றைக்கு அவள் அழுதபோது தோளைத் தட்டிக் கொடுத்தாரே! அப்போதெல்லாம் இந்த மனுஷன் உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்? கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னையும் அவரையும் ஒருசேர வெறுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

வேலை என்று ஒன்று இருந்தது, அதுதான் இருவரையும் காப்பாற்றியது. பீரைப் பீப்பாயில் இதற்கு மேல் விட்டுவைத்தால் மரம் மட்டும்தான் மிஞ்சும், நாளைக் காலையில் கலந்தாக வேண்டும். வெ போட்ட ஐந்தும் சாக்கடைக்கு என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார். மிச்சம் ஒன்பதும் எழுதி மூன்று மாதமாகிறது, அந்தக் கிருமி அப்புறம்கூட வேலையைக் காட்டியிருக்கலாம், அதனால் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். அவள் அவர் கையிலிருந்த குறடை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் ஆணி பிடுங்கினாள், அவர் முகர்ந்தார். பழக்கமில்லாத கை, முதல் ஆணியில் பாதி பீர் முழங்கையில் வழிந்தது. அவர் கிளாஸை வாங்கி, உள்ளங்கையில் பொத்தி, அவளைவிட நிதானமாக முகர்ந்தார். இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டார்? பத்து வருஷமாக நாலடி தள்ளி நின்று அவள் முகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லைதான். முதல் பீப்பாய் சுத்தம் என்றார். மூன்றாவது சுத்தம். நாலாவதில் லேசாக ஆரம்பித்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். அவளே சாக்பீஸை எடுத்து தே என்பதை அழித்துவிட்டு வெ என்று எழுதினாள். எட்டாவது சுத்தம், ஒன்பதாவது சுத்தம்.

பதினோராம் பீப்பாயில் அவர் நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு தடவை முகர்ந்தார். முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து மூச்சு வாங்கினார். மறுபடி முகர்ந்தார். மீசை லேசாக அசைந்த மாதிரி இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“சுத்தம்” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

“நெஜமாவா?”

அவர் அவளைப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் கூடமே சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தாரே, அதே சிரிப்பு, கொஞ்சமாக. கிளாஸை அவளிடம் நீட்டினார்.

“நீயே மோந்து பாரேன்” என்றார்.

அவள் வாங்கி முகர்ந்தாள். வெனிலா இருந்தது, தேங்காய் இருந்தது, கருக்கிய சர்க்கரை இருந்தது. ஒரு மடக்குக் குடித்தாள், கசப்பு தொண்டையில் போய் நின்றது. எல்லாம் இருந்தது. மிச்சத்துக்கு அவர் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்தான் அவளுக்கு இனி மூக்கு. அவர் அடுத்த பீப்பாய்க்கு நகர்ந்துவிட்டார். அவள் ஆணியைப் பொருத்தி அடித்தாள். அது கோணலாக இறங்கியது, பிடுங்கி மறுபடி அடித்தாள்.